மாடி வரிசையை வரைந்தவள் நான்

1999-ஆம் வருடம் டெக்சஸ் மாநிலத்தில், இர்விங்கில் இருந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். விமானம் ஏறியவளும் நான்தான். கம்ப்யூட்டர் வேலை இருந்தது, கார் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக, அதே அபார்ட்மென்ட்டில் இருந்த ஒரு தமிழ் ஆன்ட்டியின் காரைத்தான் நம்பியிருந்தேன். அவர் போன சபையே எனக்கும் சபை.

பக்கத்து ஊரில் இருந்த அந்தச் சபையில் எங்களைத் தவிர எல்லோரும் வெள்ளையர். சாலைக்கு எதிர்ப்புறம் கறுப்பர்களின் சர்ச். ஒரு காலத்தில் இரண்டும் ஒன்றாம். அடிமை முறை இருந்தபோது எஜமானர்கள் கீழேயும் அடிமைகள் மாடியிலும் உட்கார்ந்து ஒரே பிரசங்கத்தைக் கேட்டிருக்கிறார்கள். விடுதலை கிடைத்ததும் மாடியில் இருந்தவர்கள் இறங்கிப்போய் எதிரே தங்களுக்கென்று ஒன்று கட்டிக்கொண்டார்கள். நான் அங்கே இருந்த வருடம்தான் இரண்டு சபைப் போதகர்களும் பேசி, எங்கள் கட்டடத்தில் சேர்ந்து, பழைய பிளவை ஆற்றும் ஓர் ஒப்புரவு ஆராதனை நடத்த முடிவு செய்தார்கள்.

யார் எங்கே உட்காருவது என்று வரைபடம் போடும் வேலை எனக்கு வந்தது.

“நம்ம ஆளுங்க வழக்கமா உட்கார்ற பெஞ்சை மட்டும் மாத்திடாதீங்க, வருத்தப்படுவாங்க. மத்தபடி உங்க இஷ்டம்” என்றார் எங்கள் போதகர்.

அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். கீழே எங்கள் சபை நிறைந்துவிட்டது. மிச்ச இடம் மாடியில்தான் இருந்தது. விருந்தினரை அங்கே போட்டேன். கலர் கொடுத்து அச்சடித்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

கமிட்டிக் கூட்டத்தில் எதிர்ச் சபையின் செயலாளர், நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி, அந்தத் தாளை வாங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“திரும்பவும் மாடியா? யார் போட்டது இது?”

எங்கள் போதகரின் முகம் சிவந்துவிட்டது. சட்டென்று என்னைக் காட்டினார். “இவங்க இந்தியாவுல இருந்து வந்தவங்க. பாவம், இந்தக் கதையெல்லாம் இவங்களுக்குத் தெரியாது.”

சாப்பாட்டுப் பொறுப்பில் இருந்த ஆன்ட்டி என் பக்கம் குனிந்து தமிழில் சொன்னார்: “ஒரு சாரி சொல்லிட்டு உட்காரும்மா. மேட்டர் முடிஞ்சிரும்.”

உண்மைதான், முடிந்திருக்கும். ஆனால் எனக்குத் தெரியுமே! எங்கள் ஊர் மாதா கோயில் கட்டடத்துக்குச் சாதிக்கு ஒன்றாக இரண்டு கை. ஒரு கையில் மேல்சாதிக்காரர்கள், மறு கையில் நாங்கள். நடுவில் நின்று பூசை வைக்கும் சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். எங்களுக்கு அவர்களைத் தெரியாது, அவர்களுக்கு எங்களைத் தெரியாது. கல்லறைத் தோட்டத்துக்கு நடுவிலும் சுவர். அந்தச் சுவர் ஓரம் வளர்ந்த நானே மாடியில் ஆள் போட்டிருக்கிறேன். இதைச் சொன்னால் ஆன்ட்டிக்கு நான் யார் என்று தெரிந்துவிடும். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன வேலை என்று அவர் சுற்றிச் சுற்றிக் கேட்டபோதெல்லாம், காரை நினைத்து மழுப்பியிருந்தேன்.

எழுந்தேன். “எனக்குத் தெரியும்” என்றேன்.

எங்கள் கோயிலின் இரண்டு கைகளைப் பற்றியும், நான் எந்தக் கையைச் சேர்ந்தவள் என்பதையும் சொன்னேன். “அவங்களை மாடியில போடுன்னு யாரும் எனக்குச் சொல்லல. நம்ம ஆளுங்க பெஞ்சை மாத்தாதேன்னாங்க, அவ்வளவுதான். எங்க ஊர்லயும் அப்படித்தான் நடக்குது. தெரிஞ்சவளே வரைஞ்சுட்டேன், தப்பு என்னோடது. எனக்குத் தெரியாதுன்னு எனக்காக யாரும் சொல்ல வேண்டாம்.”

“பெஞ்ச் விஷயம் நான் சொன்னது” என்றார் போதகர், மேசையைப் பார்த்தபடி.

செயலாளர் தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை என் முன்னால் தள்ளினார். “தெரிஞ்சவங்கதானே, இப்ப சரியா வரைங்க. மாடியைப் பூட்டுங்க. யாருக்கும் சொந்த பெஞ்ச் கிடையாது. இடம் இல்லாதவங்க நிக்கட்டும். எங்களுக்குப் பழக்கம்தான், உங்களுக்கும் பழகிடும்.”

திரும்பும் வழியில் ஃப்ரீவேயில் ஏறியதும் ஆன்ட்டி, “அத்தனை பேர் முன்னாடி அதைச் சொல்லணுமா? அமெரிக்கா வந்தும் நம்ம மானத்தை வாங்கணுமா?” என்றார்.

“என் மானம் போகல ஆன்ட்டி. உங்க மானம் போச்சுன்னா, நீங்க எந்தப் பக்கம் உட்கார்ந்தீங்கன்னு நீங்கதான் சொல்லணும்.”

அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

ஆராதனை நாளன்று அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் அவர் கார் இல்லை. நான் நடந்தேன். நடைபாதையே இல்லாத சாலை. “கார் ரிப்பேரா?” என்று நிறுத்திக் கேட்டவரிடம், “இல்லை, நடக்கிறேன்” என்றேன். ஒன்றரை மணி நேரம். பட்டுச் சேலை முதுகில் ஒட்டிப்போயிருந்தது.

எங்கள் சபையில் சில குடும்பங்கள் கோபித்துக்கொண்டு வரவே இல்லை. வந்தவர்கள் கிடைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் கறுப்பும் வெள்ளையுமாகச் சுவரோரம் நின்றார்கள். “லேட்டு” என்று சொல்லி, அவர்களோடு நின்ற செயலாளர் நகர்ந்து இடம் விட்டார். ஆராதனை முடியும்வரை நின்றேன். முன் பெஞ்சில் இருந்த ஆன்ட்டி ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

‘பாவம், இவளுக்குத் தெரியாது’ என்று எனக்கு மன்னிப்பு வாங்கித் தர அதற்குப் பிறகும் எத்தனையோ பேர் வந்துவிட்டார்கள்; நான் அதை வாங்கிக்கொண்டதே இல்லை, தவறு என்னுடையது என்று சொன்ன பிறகுதானே அதைத் திருத்தும் உரிமையும் என்னுடையது ஆனது!