மூன்றாம் மாடிச் சோபா

ஜூலை முதல் தேதி கனடாவின் மொன்றியலில் பாதி ஊரே வீடு மாறும். மூன்றாம் மாடியில் குடியிருக்கும் நண்பன் வரும்வரை, நாங்கள் மூவரும் முதுகுப் பைகளோடு நடைபாதைச் சோபா ஒன்றில் சாய்ந்து அரட்டையடித்துக்கொண்டிருந்தோம்.

காதில் பென்சில் செருகிய ஒருவர் வந்து சோபாவைச் சாணால் அளந்தார்.

"எத்தினையாம் மாடி, தம்பி?"

"மூணாவது, அண்ணே."

"போகும். பிடியுங்கோ."

அவரும் அதே மாடிக்குத்தான் போலும், பாவம், தனி ஆள் என்று பிடித்தோம். வளைந்தேறும் இரும்புப் படிகளில் மூச்சிரைக்க மேலே சேர்த்ததும், "நல்ல சோபா. எங்க வாங்கினனீங்கள்?" என்றார்.

"உங்களோடது இல்லையா?"

"இல்லையே! நீங்கள் குடிவாறியளெண்டெல்லோ நினைச்சன்."

கீழே ஒரு பெண் சோபாவைத் தேடிப் பிரெஞ்சில் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஏத்தினது ஏத்தியாச்சு. கொஞ்சம் இருந்திட்டு இறக்குவம்."

நாங்கள் சோபாவை மறுபடி தூக்கக் குனிய, அவர் அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அந்த நிதானம் எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.