படகு மிஷினும் வெள்ளிக்கிழமை போட்டோவும்

ஜிம் மாஸ்டர் வேலை என்பது நாள் முழுக்க அடுத்தவன் மூச்சை எண்ணுகிற வேலை. நம் மூச்சு எப்படி ஓடுகிறது என்று கேட்க ஒரு நாதி இருக்காது. கம்பத்தில் பத்து வருடமாக இதைத்தான் பார்க்கிறேன். வயது நாற்பத்தொன்று, கல்யாணம் அமையவில்லை, அம்மா ஆண்டிபட்டியில் அண்ணன் வீட்டில். ஜிம்முக்கு மேலே ஒரு ரூம், அதில் நான். என் வரலாறு இவ்வளவுதான். படகு மிஷினில் உட்கார்ந்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்த பாவப்பட்ட சனங்களே, நீங்கள் மட்டும் படித்தால் போதும். மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது.

தோட்டத்துக்காரர் தீர்ப்பு

எங்கள் முதலாளி ஏலக்காய் வியாபாரி. குமுளிப் பக்கம் ஒரு ரிசார்ட்டை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவர், கட்டில் மெத்தை வாங்காமல் இந்த மிஷினை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலை இறங்கிவிட்டார். ரோயிங் மிஷின் என்று அதற்குப் பேர். நம் ஆட்கள் முதல் நாளே படகு மிஷின் ஆக்கிவிட்டார்கள். நீளமாக ஒரு கம்பி, அதில் முன்னும் பின்னும் உருளுகிற சீட்டு, இழுக்க ஒரு கைப்பிடி, எதிரே எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம் என்று காட்டுகிற ஒரு சின்னத் திரை. மூன்று மாதத்துக்கு அது துண்டு காயப்போடத்தான் பயன்பட்டது.

கடைசியில் சுருளிப்பட்டியிலிருந்து வருகிற திராட்சைத் தோட்டக்காரர் ஒருவரைக் கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைத்தேன். "முதல்ல கால், அப்புறம் முதுகு, கடைசியாத்தான் கை" என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொடுத்தேன். மனுசன் ஐந்து நிமிடம் இழுத்தார். இறங்கி, இடுப்பை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்தார். "முதுகு வலிக்கணும்னா எனக்குப் பந்தலுக்கு அடியிலயே வலிக்கும் மாஸ்டர், அதுக்கு எதுக்கு இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வரணும்?" என்றார்.

டாப் கியர்

மிஷின் பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். ஒன்றிலிருந்து பத்து வரை. புதிதாக உட்காருகிற எவனும் நேரே பத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். பத்துதானே பெரிசு! எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவர் ஒருத்தர் இதில் மகா பிடிவாதம். நாலில் வையுங்கள் என்று ஒரு வாரம் தொண்டை கிழியச் சொன்னேன். "பொம்பளைக வைக்கிற நம்பரு" என்று என்னையே கேலி பண்ணினார். எனக்குக் கோபம் வந்தால் பேச்சு தாறுமாறாகும். "யோவ், கம்பம் மெட்டு மலைய டாப் கியர்லயா ஏறுவீக? பத்துங்கிறது டாப் கியரு. வண்டி திணறும், இழுக்காது" என்று கத்திவிட்டேன்.

ஆள் மெதுவாக நெம்புகோலை நாலுக்குக் கொண்டுவந்து, பத்து இழுப்பு இழுத்தார். திரையில் வேகம் ஏறுகிறது, மூச்சு வாங்கவில்லை. என்னை முறைத்துப் பார்த்துக் கேட்டார்: "இத மொத நாளே ஜீப் பாசையில சொல்லியிருந்தா எம்புட்டு இடுப்பு தப்பிச்சிருக்கும்லய்யா?"

சாகுல்

எங்கள் ஜிம்மில் அப்போது மாஸ்டர் இரண்டு பேர். நானும் சாகுலும். உத்தமபாளையத்துப் பையன், என்னைவிட ஏழு வயது சின்னவன், வாயைத் திறந்தால் மூடமாட்டான். பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை ஜிம் பூட்டு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒரே மிஷினில் மாற்றி மாற்றிப் போட்டி போடுவோம். இரண்டாயிரம் மீட்டர்தான் இதில் பந்தயத் தூரம். அவன் ஏழு நிமிடம் நாற்பத்து நாலு நொடி. நான் எட்டு முப்பத்தொன்று. ஒருத்தன் இழுக்கும்போது இன்னொருத்தன் பக்கத்தில் நின்று கத்த வேண்டும், அதுதான் சட்டம். அவன் கத்துவதற்காகவே நான் இழுத்தேன். எனக்குச் சிநேகிதன் என்று உலகத்தில் அவன் ஒருத்தன்தான்.

தங்கச்சி கல்யாணத்துக்குச் சேர்க்க வேண்டும் என்று வளைகுடாவில் ஒரு பெரிய ஜிம்முக்கு மாஸ்டர் வேலை பிடித்துக்கொண்டு கிளம்பினான். கம்பம் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் ஏறுகிறவரை அவன் பையை நான்தான் தூக்கிக்கொண்டு நின்றேன். அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னான்: "கல்யாணத்துக்கு லீவுல வருவேன் மாப்ள, அதுக்குள்ள எட்டு நிமிசத்துக்குக் கீழ வந்துரு. வரலேன்னா ஒன்னோட பேச்சே கெடையாது!"

ஐந்து நொடி

அவன் சொன்னதை நான் விளையாட்டுக்கு என்று எடுத்துக்கொள்ளவில்லை. எட்டுக்குக் கீழ் வராவிட்டால் அவனுக்கும் எனக்கும் நடுவே இருக்கிற கயிறு அறுந்துபோகும் என்று ஒரு பயம். அவன் போன மூன்றாம் வாரம், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த நேரம், போனில் ஒரு போட்டோ வந்தது. படகு மிஷினின் திரை. இரண்டாயிரம் மீட்டர், எட்டு இருபத்தாறு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் பழைய டைமுக்கு நாற்பத்திரண்டு நொடி கூடிவிட்டதே! உடம்பு சரியில்லையோ என்று போன் போட்டேன். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, டச் விட்டுப்போச்சு என்றான்.

அதிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி நான் என் டைமை அனுப்புவேன், அவன் போட்டோ வரும். நான் எட்டு இருபது என்றால் அவன் எட்டு பதினைந்து. நான் எட்டு பதினொன்று என்றால் அவன் எட்டு ஆறு. எப்போதும் என்னைவிட ஒரு ஐந்து நொடி முன்னே. எட்டிப் பிடிக்கிற தூரத்திலேயே நின்றான் பாவி. சில வாரம் ஒன்றும் வராது. அந்த வாரமெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. நம்மை மறந்துவிட்டான், அங்கே புதுக்கூட்டு கிடைத்துவிட்டது என்று உம்மென்று கிடப்பேன். வாய்விட்டுக் கேட்க மானம் விடாது. அடுத்த வாரம் போட்டோ வந்ததும் கூடவே ஒரு வரி வரும்: "என்ன மாப்ள, தூங்குறியா, நான் போய்க்கிட்டே இருக்கேன்."

யாரோடு பேச்சு?

இந்த மிஷினில் வேகம் கூட வேண்டுமென்றால், வாரத்தில் பாதி நாள் மெதுவாகத்தான் இழுக்க வேண்டும். இது பல பேருக்குத் தெரியாது. முக்கால் மணி நேரம், நிமிடத்துக்கு இருபது இழுப்பு, மூச்சு வாங்காமல் பேச முடிகிற அளவு. பேச்சு திணறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். அந்தச் சோதனையைச் செய்ய ஆள் வேண்டுமே! பூட்டிய ஜிம்மில் நான் யாரிடம் பேச? சாகுலிடம் பேசினேன். முதலாளி ஓட்ட மிஷினுக்குப் பெல்ட் மாற்றமாட்டேன் என்கிறார், முல்லையாற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இழுப்பேன். கேள்வி கேட்டால் கொஞ்சம் இடைவெளி விடுவேன், அவன் பதில் சொல்லிக்கொள்ளட்டும் என்று.

ஒருநாள் லேடீஸ் டைம் பார்க்கிற ராணி, மறந்துபோன குடையை எடுக்க ஷட்டருக்கு அடியில் குனிந்து வந்துவிட்டது. நான் அண்ணன் மகள் காதுகுத்துக்கு மோதிரமா பணமா, என்ன செய்முறை வைக்கலாம் என்று எதிர்ச் சுவரிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை குடையைக் கையில் வைத்துக்கொண்டு அறை முழுக்க ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், ரூம்ல தனியா இருக்கதுக்கு எங்க வீட்டுப் பக்கம் குடிவந்துருங்க, அங்கன பேச ஆள் நெறைய இருக்காக" என்றது.

தரையில் கிடந்தவன்

வெறும் ரோசத்தில் ஒரு தடவை செத்துப் பிழைத்தேன். எட்டு நிமிடம் என்றால் ஒவ்வொரு ஐந்நூறு மீட்டருக்கும் இரண்டு நிமிடம். கொஞ்சமும் கூடாமல் குறையாமல் அதே வேகத்தில் போக வேண்டும். எல்லாருக்கும் நான் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான். அன்றைக்கு சாகுலின் போட்டோவில் எட்டு ஒன்று. பார்த்த சூட்டில் முதல் ஐந்நூறை ஒன்று ஐம்பதில் இழுத்தேன். ஆயிரத்தில் தொடை எரிந்தது, ஆயிரத்து ஐந்நூறில் கண் இருட்டியது, எட்டு பதினான்குக்கு முடித்துவிட்டுச் சீட்டிலிருந்து அப்படியே தரையில் சரிந்தேன். வாய் வறண்டு கிடக்கிறது, தண்ணீர் பாட்டில் நாலடி தள்ளி. எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை. உண்மையைச் சொன்னால் என்ன, அப்போது அழுதேன்.

எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. முதலாளி உள்ளே வந்தார். என்னையும் மிஷினையும் பார்த்தார். பதறிப்போவார் என்று நினைத்தேன். ஸ்விட்ச் போர்டு பக்கம் போய்க்கொண்டே, "தூங்குறதுன்னா ஃபேனப் போட்டுக்கிட்டுத் தூங்கக் கூடாதாய்யா, நானென்ன கரண்டுக்கா கணக்குப் பாக்குறேன்?" என்றார்.

மூடு

திரையில் நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு என்றும் ஒரு கணக்கு வரும். அது ஒவ்வொருத்தன் கைரேகை மாதிரி. பந்தய இழுப்பில் நான் இருபத்தேழு, எந்நாளும் இருபத்தேழு. சாகுல் இங்கே இருந்தபோது இருபத்தொன்பது. போட்டோவில் பார்த்தால் ஒரு வாரம் இருபத்திரண்டு, மறுவாரம் முப்பத்தெட்டு, அதற்கடுத்து இருபத்தைந்து. மாஸ்டர் புத்தி சும்மா இருக்குமா? "ஏலே, ஒரு நெலையில நில்லுடா, இப்படி மாத்தி மாத்தி இழுத்தா ஒடம்பு கெட்டுரும்" என்று பத்து நிமிடத்துக்கு வாய்ஸ் மெசேஜில் பாடம் எடுத்தேன். பத்து வருட அனுபவஸ்தன் எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை பாருங்கள். சாயங்காலம் பதில் வந்தது: "அது அன்னன்னைக்கு மூடு மாப்ள."

ஏழு ஐம்பத்தொன்பது

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஏழு நிமிடம் ஐம்பத்தொன்பது நொடி. கடைசி இருநூறு மீட்டருக்கு நானே எனக்குக் கத்திக்கொண்டேன். முடித்ததும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கப் பயம், மாறிவிடுமோ என்று. போட்டோ எடுத்து சாகுலுக்கு அனுப்பினேன். அவனுக்கு டியூட்டி நேரம், பதில் இல்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. எதிர்த்த டீக்கடையில் போய், "எட்டு நிமிசத்துக்குக் கீழ வந்துட்டேன்ணே" என்றேன். டீக்கடை அண்ணன் கிளாஸைக் கழுவிக்கொண்டே ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "எங்கயிருந்து?"

துடைக்கிற கை

சாகுல் வந்தான். கல்யாண வீட்டில் ஆயிரம் பேர் நடுவே அவனோடு நாலு வார்த்தை பேச முடியவில்லை. மறுநாள் மத்தியானம் ஷட்டருக்கு அடியில் குனிந்து வந்தான். வயிறு போட்டிருந்தது. "வாடா, உக்காரு, ஒன் டயத்தப் பாப்போம்" என்றேன். உட்காருவதற்கு முன்னால் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கைப்பிடியைத் துடைத்தான். சீட்டைத் துடைத்தான். கம்பியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், பிறகு திரையை, நாலு மூலையும் விடாமல். மாஸ்டர் துடைக்கிற துடைப்பு இல்லை அது. அப்புறம் இழுத்தான். நான் பக்கத்தில் நின்று கத்தினேன். எண்ணூறு மீட்டரில் கைப்பிடியை விட்டுவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அங்கே போய் இறங்கிய அன்றைக்கே மாஸ்டர் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். கிளீனிங். வேலையாட்கள் மிஷினில் உட்காரக் கூடாது, அது அங்கே சட்டம். இரண்டு வருடமும் அவன் ஒரு இழுப்புகூட இழுக்கவில்லை. வருகிறவர்கள் இழுத்துவிட்டு எழுந்து போனதும், துடைக்கிறதுக்கு முன்னால் திரையைப் போட்டோ எடுத்து வைப்பானாம். என் டைமுக்கு ஐந்து நொடி முன்னே இருக்கிறதாகத் தேடுவானாம். அப்படி ஒன்று மாட்டாத வாரம்தான் போட்டோ வராத வாரம். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். முட்டாப்பய மாதிரி என்னை ஓட விட்டிருக்கியேடா என்று கையை ஓங்கிவிட்டேன். அவன் தலையைத் தூக்கவில்லை. குனிந்தபடியே சொன்னான்: "தொடைக்கிற வேலைன்னு சொல்ல வாய் வரல மாப்ள. நான் நிறுத்துனா நீயும் நிறுத்திருவ, அப்புறம் வெள்ளிக்கெழம எனக்குன்னு மெசேஜ் போட ஒரு ஆளு இருக்காது."

மறுபடி வெள்ளிக்கிழமை

லீவு முடிந்து போய்விட்டான். ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அதே பஸ் ஸ்டாண்ட், அதே மதுரை பஸ். இந்தத் தடவையும் பையை நான்தான் தூக்கினேன். திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கினால், பெரிய அறை, ஒரே மிஷின். நாலு நாள் அதன் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்த நேரத்துக்குப் போன் அடித்தது. போட்டோ. ஏழு ஐம்பத்து நாலு, என்னைவிட ஐந்து நொடி முன்னே, நிமிடத்துக்கு முப்பத்தொன்று. அதற்கு அடியில் ஒரு வரி: "இவரு எகிப்துக்காரரு மாப்ள, ஆளு நல்ல ஒசரம், பாத்து இழு."

ஆகக்கூடி, மூஞ்சி தெரியாத தொண்ணூறு பேரிடம் வாரத்துக்கு ஒருத்தர் வீதம் தோற்றுத் தோற்றே முன்னுக்கு வந்தவன் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் நான் ஒருத்தன்தான்.