படைக்கு ஆள் கிடைக்காத பட்டிமன்றம்

எங்கள் முதியோர் சங்கத்தில் முதியவர் என்று ஒருவரும் இல்லை. எவரைக் கேட்டாலும், "நான் சும்மா, இவரைக் கொண்டுவந்து விட வாறனான்" என்று பக்கத்தில் நிற்பவரைக் காட்டுவார்கள். நான் என் கணவரைக் காட்டுவேன். அவர் என்னைக் காட்டுவார். இப்படி ஒருவரையொருவர் கொண்டுவந்து விட்டுவிட்டு, ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற நகரில் ஒரு சமூக நிலையத்தின் அறையில் சனிக்கிழமைப் பின்னேரங்களைக் கழித்துக்கொண்டிருந்தோம். முதலில் கொஞ்சம் யோகா. பிறகு தேத்தண்ணி. அதற்குப் பிறகு உலகத்தை ஆளுவது.

அந்தக் குளிர்காலத்தில் எல்லாருமாக மெக்சிக்கோ கடற்கரைக்குப் போவதாக இருந்தது. பெப்ரவரியில் பனி தள்ளாமல் மணலில் கால் நீட்டிக்கொண்டு இருக்கலாம் என்று ஆளுக்காள் தொப்பி எல்லாம் வாங்கி வைத்துவிட்டோம். அந்த நேரம் பார்த்துத் தொலைக்காட்சியில் மெக்சிக்கோவின் வடக்கு எல்லையைக் காட்டத் தொடங்கினார்கள். போதைப்பொருள் கும்பல்கள் ஒன்றோடொன்று சுடுபட்டன. நெடுஞ்சாலையில் லொறிகள் எரிந்தன. எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த அரசியல்வாதிகள் படையை அனுப்பவேண்டும் என்றார்கள்.

என் கணவர் தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்து எல்லாருக்கும் காட்டினார். "நாங்கள் போற கடற்கரை எங்கை, உந்த எல்லை எங்கை? எவ்வளவு தூரம் எண்டு பாருங்கோ."

"தூரம் எண்டால் என்ன தம்பி?" என்றா ஒரு அன்ரி. "அவங்களிட்ட வாகனம் இருக்குத்தானே."

அதற்கு வரைபடத்தில் பதில் இல்லை. சங்கம் இரண்டாகப் பிளந்தது. போவோம் என்றவர்களும் போகவேண்டாம் என்றவர்களும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுபட்டார்கள்: அந்தக் கும்பல்களை என்ன செய்யவேண்டும் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருந்தது. கட்லட்டைக் கடித்துக்கொண்டே கெலிகொப்ரர் அனுப்பினார்கள். தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக்கொண்டே குண்டு போட்டார்கள்.

சங்கத் தலைவர் ஊரில் கணக்குப் படிப்பித்தவர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். சத்தம் கூடக் கூட அவருக்குப் பொறுக்கவில்லை. "இப்பிடி மூலைக்கு மூலை கத்தாமல் மேடை போட்டுக் கதைப்பம்," என்றார். அடுத்த கிழமையே பட்டிமன்றத் தலைப்பு அறிவிப்புப் பலகையில் தொங்கியது: எல்லையில் ஆடும் கும்பல்களை அடக்க ஏற்றது படையா, பேச்சா? நடுவர், அவரே.

பேச்சுப் பக்கத்துக்கு உடனே ஆள் நிரம்பிவிட்டது. அணித்தலைவி என் மச்சாள், அதாவது என் கணவரின் மூத்த அக்கா. படைப் பக்கத்துக்குத்தான் ஒருவரும் இல்லை. எங்கள் சனத்துக்குத் தேத்தண்ணிக் கோப்பையோடு படை அனுப்புவது வேறு, மைக்கைப் பிடித்து அனுப்புவது வேறு. மாஸ்டர் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார். ஒருவருக்குத் தொண்டை சரியில்லை. ஒருவருக்குக் கண் ஒப்பரேஷன். கண்ணுக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று மாஸ்டர் கேட்டதற்கு அவர் கண்ணை மூடிக்காட்டினார். கடைசியில் மாஸ்டர் என்னிடம் வந்தார்.

"பிள்ளை, நீர் எதையும் கதைப்பீர்தானே."

அது புகழ்ச்சி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஓம் என்றேன். மச்சாள் ஒரு பக்கம் நின்றால் நான் மற்றப் பக்கம் நிற்பது எங்கள் குடும்பத்தில் கலியாணத்தன்று தொடங்கிய வழக்கம்.

வீட்டுக்கு வரும் வழியில் கணவர் காருக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். "நீரோ? ஆமிப் பக்கமோ? ஊரில ஆமி வருதெண்டால் முதல் பங்கர் குழிக்குள்ள பாயிறது நீர்தானே."

"நானோ முதல்? நான் பாயேக்க உங்களுக்கு மேலைதான் விழுந்தனான்."

அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவர் வீதியை மட்டும் கவனித்தார்.

அன்றிரவே மச்சாள் தொலைபேசியில் அழைத்தா; அவவுக்கு நானும் மச்சாள்தான். "மச்சாள், வடிவாத் தயார் பண்ணிக்கொண்டு வாரும். படைத்தளபதி ஆயுதம் இல்லாமல் வந்து நிண்டால் எனக்குத்தான் வெக்கம்."

மச்சாளிடம் ஒரு ஆயுதம் இருந்தது. அதை என்னிடம் மறைக்கவுமில்லை. அவ பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில் மகளோடு இருந்தா. மகள் கட்டியிருப்பது ஒரு மெக்சிக்கோப் பிள்ளையை, அதுவும் எல்லையோரத்து ஊர்க்காரனை. கட்டட நிறுவனம் ஒன்றில் வரைபடம் போடுகிறான். மச்சாளை மாமி என்றும் என்னை அன்ரி என்றும் கூப்பிடுவான். நல்ல பிள்ளை. ஒரேயொரு குறை: மச்சாள் ஊர் மிளகாய்த்தூள் போட்டு வைக்கிற நண்டுக்கறியைச் சாப்பிட்டுவிட்டு, உறைப்புக் காணாது என்று ஒருமுறை சொல்லிவிட்டான். மச்சாள் அதை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் மேடைக்கு அவன்தான் சாட்சி.

பட்டிமன்றத்தன்று நல்ல பனி. இருந்தும் அறை நிறைந்துவிட்டது. மச்சாளுக்குப் பின்னால் மூன்று பேச்சாளர்கள். எனக்குப் பின்னால் சுவர். என் கணவர் நேரம் பார்ப்பவர். எங்கள் சாமியறை மணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துக்கொண்டு, பூசை தொடங்கப் போகிற ஐயரைப் போல இருந்தார்.

எனக்குச் சொந்தமாகச் சொல்ல ஒன்றுமில்லை. படையை அனுப்பச் சொல்ல என் வாய் வராது. ஆனபடியால் மற்றவர்களின் வாயைக் கடன் வாங்கினேன்.

"அவையோரே, படையை அனுப்பச் சொல்லுறது நானில்லை. நீங்கள்தான். அந்தா, பச்சைச் சுவெற்றர் போட்டிருக்கிற அண்ணை போன சனிக்கிழமை என்ன சொன்னவர்? 'ரெண்டு கெலி காணும், ஒரு கிழமையில துப்பரவாக்கிப் போடலாம்' எண்டவர். இவ்வளவு தெளிவாத் திட்டம் வைச்சிருக்கிற ஆளை ஏன் இன்னும் ஒரு அரசாங்கமும் கூப்பிடேல்லை?"

பச்சைச் சுவெற்றர் அண்ணை மெதுவாகச் சுவெற்றரைக் கழற்றி மடியில் வைத்தார். அறை அதிர்ந்தது. நான் விடவில்லை. எல்லையில் மின்சார வேலி போடச் சொன்ன அன்ரி, எல்லாரையும் ஒரு தீவில் விடச் சொன்ன அங்கிள், எல்லாரையும் வரிசையாக எழுப்பினேன். "மணி வைச்சிருக்கிற ஒருத்தரும் வீட்டில நியூஸ் பாக்கேக்க..." என்று தொடங்கியதும் மணி அடிக்கத் தொடங்கியது. நான் மைக்கை விட்டு இறங்கி, கதிரையில் இருந்து, தண்ணீர் குடிக்கும்வரை அடித்தது.

மச்சாள் எழும்பினா. ஆத்திரப்படவில்லை. சிரித்துக்கொண்டு, "எல்லையைத் தொலைக்காட்சியில பாத்தவை கதைச்சது காணும். எல்லையில பிறந்த பிள்ளை கதைக்கட்டும்," என்றா. மருமகன் வந்தான். அவன் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல மகள் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள்.

தன் ஊரிலிருந்து எல்லைப் பாலத்துக்கு நடந்தே போகலாம் என்றான். இனி இரத்தம் வரும் என்று எல்லாரும் காத்திருந்தோம்.

"போன கோடையில என்ர அம்மா இஞ்சை வர ரிக்கெற் போட்டவ. பிறகு பயத்தில கான்சல் பண்ணிப்போட்டா."

மாஸ்டர் கவலையோடு முன்னுக்குச் சாய்ந்தார். "அங்கத்தைய கும்பலுக்குப் பயந்தோ, தம்பி?"

"இல்லை. ரொறன்ரோவுக்குப் பயந்து."

இங்கே முகமூடி போட்டவர்கள் வீட்டு வாசலில் நிற்கிற காரைத் திருடிக்கொண்டு போகிற வீடியோ ஒன்றை யாரோ அவன் தாய்க்கு அனுப்பிவிட்டார்கள். அன்று தொடக்கம் ஒவ்வொரு ஞாயிறும் அவனை அழைத்து, "கதவைப் பூட்டு, தனிய வெளியில போகாதை, நிலைமை மோசமெண்டால் ஊருக்கு வா, இஞ்சை பாதுகாப்பு" என்று சொல்லுகிறாவாம்.

முதலில் சிரிப்பு. பிறகு பின்வரிசையில் ஒரு குரல்: "அவ சொல்லுறதில என்ன பிழை? எங்கட காரும் போனதுதானே!" இன்னொருவருக்கு யூனியன்வில்லில் மகன் வீட்டில் போனது. ஒருவருக்கு இரண்டாந்தரமும் போனது. பிறகு யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று தெரியவில்லை. மச்சாளின் அணியிலேயே இரண்டாவது பேச்சாளர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சாந்தமான மனுசன், கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "உவங்களோட என்ன பேச்சு? தெருவுக்குத் தெரு ஆமியை விடவேணும்!"

கைதட்டல். மச்சாளின் மற்ற இரண்டு பேரும்கூடத் தட்டினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். கூப்பிடாமலே என் படைக்கு ஆள் சேர்ந்துகொண்டிருந்தது. மருமகன் என்ன நடக்கிறது என்று விளங்காமல் மனைவியைப் பார்த்தான். அவள், "they're sending the army to Stouffville," என்றாள்.

மச்சாள் மைக்குக்கு வந்தா. இந்தமுறை சிரிப்பு இல்லை.

"சரி. ஆமி வரட்டும். உங்கட சந்தியில சென்றி போட்டுக் காவல் நிக்கட்டும். ஐடி கேக்கட்டும். ஆரைக் கேப்பான்? காரை எடுத்தவன் அதைக் கப்பல் கொண்டெயினருக்குள்ள ஏத்திப்போட்டுப் போயிட்டான். பஸ்ஸுக்கு நிக்கிற உங்கட பேரனைத்தான் கேப்பான். பிள்ளை ஹூடியைப் போட்டுக்கொண்டு, காதுக்குள்ள பாட்டுக் கேட்டுக்கொண்டு நிக்கும். நில் எண்டு முதல்தரம் சொன்னது அதுக்குக் கேக்காது."

அவ்வளவுதான் சொன்னா. போய் இருந்துவிட்டா.

அந்த அறையில் எவருக்கும் மிச்சத்தைச் சொல்லத் தேவையிருக்கவில்லை. மச்சாளுக்கும் என் கணவருக்கும் நடுவில் ஒரு சகோதரன் இருந்தவர். சைக்கிளில் கடைக்குப் போனவர், சந்திச் சென்றியைத் தாண்டவில்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில்கூட ஒருவரும் பேசியதில்லை. கணவர் மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு இருந்தார்.

பேச்சால் எல்லாம் சரிவரும் என்று நம்புகிறவள் இல்லை நான். பேச்சுவார்த்தை மேசைகளையும், கைகுலுக்குகிற படங்களையும், அதற்குப் பிறகு வந்ததையும் பார்த்த சனம்தானே நாங்கள். ஆனாலும் அந்த நேரம் மச்சாளை மறுத்து ஒரு வார்த்தை பேச எனக்கு மனமில்லை. பதிலுரை என்று நேரம் இருந்தது. மாஸ்டர் என்னைப் பார்த்தார். எழும்பிப் போனேன்.

"நடுவர் அவர்களே, என்ர படையில இப்ப கனபேர். ஆனால் தளபதிக்குக் கால் நடுங்குது. ஆனபடியால் படை மச்சாளிட்டைச் சரணடையுது. நிபந்தனை ஒண்டுதான்: சுடச்சுடப் பொரிச்சு வைச்சிருக்கிற றோல்ஸ் ஆறுறதுக்கு முன்னம் தீர்ப்பைச் சொல்லிப்போடவேணும்."

சிரிப்புத் திரும்பி வந்தது. முதலில் சிரித்தது மச்சாள். மாஸ்டருக்குத்தான் ஏமாற்றம். படையும் வேண்டும் பேச்சும் வேண்டும் என்று அவர் வீட்டிலேயே தீர்ப்பு எழுதிக்கொண்டு வந்திருந்தார். சரணடைந்த பிறகும் அதை முழுவதும் வாசித்தார். றோல்ஸ் ஆறிவிட்டது.

ஆறின றோல்ஸை எடுத்துக்கொண்டு மருமகன் என் பக்கத்தில் வந்து நின்றான். நாங்கள் இருவரும் பேசுவது இங்கிலீஷ்தான், இரண்டு பேருக்கும் அது கொஞ்சம் நொண்டும்.

"அன்ரி, எங்கட ஊரில இப்பிடி ஒரு கூட்டம் வைக்க ஏலாது."

"ஏன், ஹோல் இல்லையோ?"

"ஹோல் இருக்கு. மைக்கில அவங்கட பேரைச் சொல்ல ஏலாது. வீட்டுக்குள்ளயும் பேர் சொல்லமாட்டம். அவங்கள் எண்டுதான் சொல்லுவம்."

"எங்கட வீட்டிலயும் கனகாலம் அப்பிடித்தான்," என்றேன்.

"ஆரை?"

"ஒவ்வொரு வருசமும் ஆயுதத்தோட வந்த ஒவ்வொருத்தரை."

அவன் தலையாட்டினான். இன்னொரு றோல்ஸை எடுத்துக் கடித்துவிட்டு, மச்சாள் அக்கம்பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, இதற்கும் உறைப்புக் காணாது என்றான்.

அன்றைக்கே பயணத்துக்குக் கை உயர்த்தச் சொன்னார்கள். ரொறன்ரோவே இப்படியென்றால் மெக்சிக்கோவுக்குப் போகப் பயப்படுவானேன் என்று எல்லாரும் கையை உயர்த்திவிட்டார்கள். போனோம். மணலில் கால் நீட்டினோம். எல்லையில் எங்களுக்கு நடந்த ஒரே சம்பவம், வாகனம் இருக்குத்தானே என்று கேட்ட அந்த அன்ரியின் கருவாட்டை விமானநிலையத்தில் சுங்கக்காரர் பறித்ததுதான். அவ பேச்சு நடத்திப் பார்த்தா, சரிவரவில்லை.

இளவேனில் முழுவதும் மச்சாள் ஒவ்வொரு ஞாயிறும் மருமகனின் தாயோடு பேசினா என்று பிறகுதான் தெரிந்தது. மச்சாளுக்கு ஸ்பானிஷ் தெரியாது, அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. பிள்ளைகள் இரண்டு பேரும் நடுவில் இருந்து மாற்றி மாற்றிச் சொல்லிக் களைத்துப்போனார்கள். என்னத்தைச் சொல்லி இணக்கினாவோ, கோடையில் அந்த அம்மா வந்து இறங்கினா. சின்ன உருவம், பெரிய கைப்பை. முதல் நாட்களில் ஜன்னல் திரைச்சேலையை விலக்கி விலக்கி, வாசலில் கார் நிற்கிறதா என்று பார்த்தபடியே இருந்தாவாம்.

ஒருநாள் நானும் மச்சாளும் அவவை எங்கள் தமிழ்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வாசலிலேயே மாம்பழப் பெட்டிகள். அந்த அம்மா ஒன்றை எடுத்து மூக்கில் வைத்து மணந்தா, திருப்பி அடியைப் பார்த்தா, கடைக்காரரிடம் ஸ்பானிஷில் ஏதோ கடுமையாகச் சொன்னா. கடைக்காரர், "அம்மா, நேற்றுத்தான் பிளேனில வந்தது, சும்மா குறை சொல்லாதேங்கோ," என்று தமிழில் சொன்னார். அவ இன்னொன்றை எடுத்துக் காம்பைக் காட்டினா. அவர் தன் மீசைமேல் சத்தியம் பண்ணினார். இரண்டு பேரும் குரலை உயர்த்தினார்கள், கையை வீசினார்கள், ஒருகட்டத்தில் இரண்டு பேருமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நான் உதவிக்குப் போக ஒரு அடி வைத்தேன். மச்சாள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தா.

"சும்மா நில்லும்," என்றா.

சும்மா நின்றோம். கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் உள்ளே போய் வேறொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.