பெரட்டுக்களத்தில் பிடித்த பேய்

இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்த காலம். கொழும்பிலிருந்து வந்த வாரப் பத்திரிகை ஒன்று என் பேய்க்கதைகளை மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டது. மூன்றாவதோடு ஒரு துண்டுக் காகிதம்: "பயம் வரவில்லை. கடைசியாக ஒன்று அனுப்பிப் பாருங்கள்."

எழுத்தாளனாகிவிட்டேன் என்று தோட்டம் முழுக்க முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். மானமே அந்தக் கடைசி ஒன்றில்தான் தொங்கியது.

என் கதைகளில் பாழடைந்த அரண்மனை உண்டு, தலைவிரித்த மோகினி உண்டு. கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்களுக்கு வாசித்துக் காட்டுவேன்.

"ஏங்கய்யா, இந்தக் குளிருல கம்பளி இல்லாமயா வர்றா? சளி பிடிக்காதா அவளுக்கு?"

சிரிப்பு அடங்கக் கால்மணி நேரமாகும்.

ஒருநாள் விடிகாலைப் பெரட்டு, வேலைக்கு வந்தவர்களைக் களத்தில் நிறுத்திக் கணக்கெடுக்கும் நேரம். நீட்டிய கை தெரியாத பனிமூட்டத்தில் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன வாரம் அடக்கம் செய்துவிட்டு வந்த பெண்ணின் பேரைப் புத்தகத்தில் கோடிட்டு அடிக்காமல் விட்டது என் சோம்பல். அதையும் கூப்பிட்டுவிட்டேன். நாக்கைக் கடிப்பதற்குள் பனிக்குள்ளிருந்து வந்தது:

"இருக்கேங்க!"

புத்தகம் ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தேயிலை ஆலை வாசலில்தான் என் கால் நின்றது.

செத்தவளின் பக்கத்து வீட்டுக்காரி மூச்சிரைக்க வந்தாள். "நான்தாங்கய்யா. அவ எப்பவும் பிந்தித்தான வருவா, அவளுக்கும் சேத்து நான்தான் சொல்லுவேன். பழக்கத்துல வாய் வந்திருச்சுங்க." சொல்லிவிட்டு அழுதாள். இத்தனை வருஷமும் இரண்டு பேருமாக என்னை ஏமாற்றியது அப்போதுதான் தெரிந்தது.

நடுக்கம் தீர்ந்ததும் பேனாவை எடுத்தேன். அரண்மனையை இடித்தேன். மோகினியை வீட்டுக்கு அனுப்பினேன். தினம் நிற்கிற களம், தினம் கேட்கிற பதில். அதில் ஒன்றே ஒன்று மட்டும் தப்பு: பதில் சொல்கிறவள் செத்தவள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டுக்கொண்டு, அவளைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். குரலை மட்டும் பனிக்குள் விட்டுவைத்தேன். யார் சொன்னது என்று கடைசிவரை சொல்லவேயில்லை.

வாசித்தேன். கொழுந்து நிறுக்க வந்தவர்களில் ஒருத்தி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அநியாயம்யா இது!"

மறுநாள் பெரட்டுக்கு ஒருத்தரும் பிந்தவில்லை. எல்லோரும் களத்து விளக்கடியில் வந்து முகத்தைக் காட்டிவிட்டே பதில் சொன்னார்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை என் கண்டிப்பைப் பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

கதை அச்சில் வந்தது! பத்திரிகையைக் கொண்டுபோய் முதலில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் வாசித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நீங்க ஓடினத மட்டும் காணோமேங்கய்யா?" என்றாள்.

"அது ரொம்பப் பயங்கரமான கட்டம். சனங்க தாங்க மாட்டாங்க" என்றேன்.