மதகு திறந்த பிறகு மாட்டின ஜன்னல்

"மச்சான், ஜன்னல் வழியா ஏரியே உள்ள வந்துக்கினு இருக்குது. உடனே வாப்பா!" என்று போனில் கத்தினான் என் தங்கை புருஷன் மோசஸ்.

கம்பெனி வேலையை விட்டுவிட்டு, எங்கேயோ உப்பங்கழியில் ஓடின பழைய மரப் படகை வாங்கி வந்து தாமல் ஏரியில் விட்டிருந்தான். மேலே கேபின், சுற்றிலும் ஜன்னல். காணும் பொங்கல் அன்று ஏரிக்கரை ஜேஜே என்று இருக்கும், அன்றைக்கு ஓட்ட ஆரம்பித்தால்தான் பிழைப்பு. பொங்கல் முடிந்ததும் பாசனத்துக்கு மதகைத் திறந்துவிடுவார்கள். தண்ணீர் இறங்கிவிடும்.

நான் சின்ன காஞ்சிபுரத்தில் நெசவுக்காரர்களுக்குத் தறி செய்து கொடுக்கிறவன். போய்ப் பார்த்தால், ஜன்னல்களின் கீழ்ச்சட்டம் எல்லாம் ஊறி, ஸ்க்ரூடிரைவர் வைத்த இடத்தில் புட்டு மாதிரி உதிர்ந்தது.

"இப்போதைக்கு ஷீட் அடிச்சி, டேப் ஒட்டி வுடு மச்சான். காணும் பொங்கலுக்கு ஓட்டியாவணும், அது தாண்டினா போதும். அப்பால நிதானமா பண்ணிக்கலாம்."

"ஒப்பேத்துற வேலைக்கு வேற ஆளப் பாரு" என்றேன். அப்படி ஒரு வீறாப்பு எனக்கு. தறிக்கு ஈர மரம் போட்டால் முறுக்கிக்கொள்ளும், பாவு நூல் ஒரு பக்கம் தளரும், சேலை கோணும். படகுக்கும் அதே கணக்குதான் என்று நினைத்தேன்.

ஜன்னல்களைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்து வந்தேன். உளுத்ததை வெட்டி எறிந்துவிட்டு, மிச்ச மரத்தை நிழலில் காயப்போட்டேன். மார்கழிப் பனியில் எங்கே காய்கிறது? ஈரத்தின் மேல் சிலிகான் பசை அடித்தால் உரிந்து வந்துவிடும். அது நிஜம்தான்.

"காணும் பொங்கல் வந்துட்ச்சி மச்சான்."

"வரட்டும். மரம் காய வேணாமா?"

வேன் வேனாக ஜனம் வந்தது. ஜன்னல் இருந்த இடமெல்லாம் ஓட்டை. குழந்தைகளை எப்படி ஏற்றுவது? படகைக் கட்டிப்போட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் "இன்னிக்கு இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டு நின்றான்.

அதற்கப்புறம்தான் தேக்கில் ஒட்டு வைத்து, பிரைமர் அடித்து, சிலிகான் இழுத்து மாட்டினேன். பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. ஆனால் அதற்குள் மதகு திறந்து, படகு சேற்றில் உட்கார்ந்திருந்தது.

"சூப்பர் வேலை மச்சான்" என்றான் மோசஸ். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த மழைக்கு ஏரி பாதிகூட நிரம்பவில்லை. படகை விற்றுவிட்டு மறுபடியும் கம்பெனிக்கே போய்விட்டான், இந்த முறை செக்யூரிட்டியாக. வாங்கினவர் ஜன்னலைத்தான் முதலில் மெச்சினாராம்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுவேன். மரத்தைத் தொடுவதற்கு முன்னால், "எப்ப வேணும்? எத்தினி நாள் தாங்கினா போதும்?" என்று கேளுங்கள். மோசஸ் நான் கேட்காமலே இரண்டையும் சொன்னான். என் காதில்தான் ஏறவில்லை.