இரண்டு குழம்புக்காரிகளும் ஒரு குழந்தையும்

பெண்டாட்டி வீட்டில் புருஷன் என்பவன் மரக்கட்டை மேல் கிடக்கும் சாம்பல், ஒரு ஊது ஊதினால் பறந்துவிடுவான் என்று எங்கள் மினாங்கபாவ் ஊர்களில் சொல்வார்கள். நான் இருபத்தாறு வருடமாகப் பறக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஊதக்கூடிய வாய் என் மனைவி அஸ்னிதாருடையது. வீடு, வயல், மீன்குட்டை எல்லாமே அவளுடைய அம்மா வழி வந்த சொத்து. தினமும் காலையில் சந்தை முனையில் பலாக்காய்க் குழம்பு விற்கிறாள். கோபம் மூக்குக்கு மேல் வரும்; வந்த வேகத்தில் போயும்விடும்.

மேடான் நகரத்துக்குத் துணி வியாபாரத்துக்குப் போன அவள் தம்பி ஹெந்திரி, மஸ்லியானா என்ற மண்டைலிங் இனப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, கைக்குழந்தையோடு ஊர் வந்து சேர்ந்தான். பெண் குழந்தை. வெள்ளிக்கிழமை அதை முதன்முதலாக ஆற்றுக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்ட வேண்டும். அப்போது ஊர்ப் பெரியவர் கேட்பார், எந்த வீட்டுப் பிள்ளை என்று. குலத்தைச் சொல்லியாக வேண்டும்.

அஸ்னிதார் மஸ்லியானாவின் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"எங்க ஊர்ல அம்மா குலம்தான் பிள்ளைக்கு. அதனால உங்க பிள்ளைதாங்க" என்றாள்.

"அதெப்படிம்மா? எங்க பக்கம் அப்பன் குலம்ல! உங்க பிள்ளைதான்."

"இல்லைங்க, உங்களுது."

"ஐயோ, உங்களுதும்மா!"

கால் மணி நேரம் இந்த மரியாதை நடந்தது. போனை வைத்தபோது அஸ்னிதாரின் முகம் வெளுத்திருந்தது. "ரெண்டு பக்கமும் இல்லேன்னா இது யார் வீட்டுல போய் நிக்கும்? நாளைக்குக் கல்யாணம்னா எந்தத் தாய்மாமன் வந்து பேசுவான்?" என்று கண் கலங்கினாள்.

மறுநாளே முடிவெடுத்துவிட்டாள். "மஸ்லியானாவை நம்ம சானியாகோ குலத்துலயே சேர்த்துக்குவோம். இனி அவ என் கூடப்பொறந்தவ. அப்போ பிள்ளையும் நம்ம குலம்தானே!" குலத்தில் சேர்க்கும் விருந்துக்கு ஆட்டுக்கும் சொல்லியாயிற்று. சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். வாயில் சோறு இருந்ததால் நானும் ஆட்டினேன்.

அவளுடைய தாய்மாமன், குலத் தலைவர், மீன் முள்ளை எடுத்தபடி நிதானமாகக் கேட்டார்: "ஏம்மா, அவ உனக்குத் தங்கச்சின்னா ஹெந்திரிக்கு யாரு?"

ஒரே குலத்துக்குள் கல்யாணம் என்றால் ஊரை விட்டே தள்ளிவைப்பார்கள்.

"அடிப்பாவி! என் பொண்டாட்டியை எனக்கே தங்கச்சி ஆக்கப் பாத்தியேக்கா!" என்று ஹெந்திரி தலையில் கை வைத்தான். மஸ்லியானா சிரித்த சிரிப்பில் தொட்டில் குழந்தை விழித்துக்கொண்டது.

வேறு குலம்தான் வேண்டும். ஊரில் மிச்சமிருப்பது பிலியாங் குலம். அதில் மூத்தவள் ஜுர்னைதா, சந்தையில் எதிர்க் குழம்புக் கடைக்காரி. அஸ்னிதாரின் குழம்பு தண்ணி என்று ஒன்பது வருடத்துக்கு முன் அவள் ஊரே கேட்கும்படி சொன்னாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"செத்தாலும் அவ வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்றாள் அஸ்னிதார். பிறகு தொட்டிலைப் பார்த்தாள். முறைப்படி கேட்க வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஜுர்னைதா கதவைத் திறந்தாள். "என்ன, வழி தப்பி வந்துட்டியா?"

"வழி தெரிஞ்சுதான் வந்தேன். என் தம்பி பொண்டாட்டியை உன் மகளா எடுத்துக்கக்கா. பிள்ளைக்கு நிக்க ஒரு வீடு வேணும்." வெற்றிலைப் பெட்டியை நீட்டினாள்.

ஜுர்னைதா பெட்டியைத் திறந்து ஒரு வெற்றிலையை எடுத்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் ஆண். மூவரும் பெண்டாட்டி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். பெண் பிள்ளை இல்லாத வீடு எங்கள் பக்கம் அவளோடு முடிந்துபோகும்.

"எனக்கப்புறம் இந்த வீடு பூட்டித்தான் கெடக்கும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்டி" என்று சொல்லி, வெற்றிலையை மென்றுகொண்டே அழுதாள். கண்ணைத் துடைத்ததும் சேர்த்துக்கொண்டாள்: "ஆனா உன் கொழம்பு தண்ணிதான். அதை மாத்திச் சொல்ல மாட்டேன்."

"உன்னுது மட்டும் என்ன? வெறும் உப்பு!" என்றாள் என் மனைவி. ஒன்பது வருடப் பாக்கியை வாசலிலேயே பேசித் தீர்த்தார்கள். நான் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த வாரமே ஆட்டை வெட்டி, ஊரைக் கூட்டி, மஸ்லியானாவை ஜுர்னைதாவின் மகள் ஆக்கினார்கள். ஹெந்திரி துணி மூட்டையோடு அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகக் குடிபோனான். "மச்சான், எப்படித்தான் சமாளிக்கிறீங்க?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டான். "காத்தடிச்சா தலையைக் குனிஞ்சுக்கடா" என்றேன்.

வெள்ளிக்கிழமை. ஆற்றங்கரையில் அத்தை முறைக்குத் தட்டு ஏந்தி அஸ்னிதார், குழந்தையோடு ஜுர்னைதா, மேடானிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கிய மஸ்லியானாவின் அப்பா. பெரியவர் கேட்டார்: "எந்த வீட்டுப் பிள்ளை?"

"எங்க வீட்டுப் பிள்ளை!" என்று மூன்று குரல் ஒன்றாகக் கேட்டது.

"அன்னைக்கு உங்களுதுன்னு சொன்னீங்களே!" என்று மஸ்லியானாவின் அப்பாவிடம் அஸ்னிதார் பாய்ந்தாள். "நீ மட்டும் என்னம்மா சொன்னே?" என்றார் அவர். "ரெண்டு பேரும் சும்மா இருங்க, பிள்ளை என் கையில இருக்கு" என்றாள் ஜுர்னைதா. சண்டை முடியட்டும் என்று பெரியவர் கரையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குள் மஸ்லியானாவே குழந்தையை வாங்கிக்கொண்டுபோய் ஆற்றில் குளிப்பாட்டினாள்.