நண்டு இருக்கு, குளிக்க முடியாது

பிளாஸ்டிக் டப்பின் சுவரில் நண்டு ஏறி வழுக்குகிற சத்தம் கேட்டிருக்கிறீர்களா? சீப்பின் பல்லை நகத்தால் வருடுகிற மாதிரி இருக்கும்... நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் குளியலறையில் ஒரு வாரம் முழுக்க அந்தச் சத்தம்தான். கூடவே வயல் சேற்று வாடை.

2010-களின் நடுவில் ஒரு வருடம். நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ முடித்துவிட்டு அப்ரென்டிஸ் அழைப்புக்காக வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அக்கா ஜெசிந்தா விலங்கியல் எம்.எஸ்ஸி. கடைசி வருடம். தண்ணீரின் சூடு கூடினாலும் குறைந்தாலும் வயல் நண்டின் இதயம் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் அவள் ப்ராஜெக்ட். அவளே யோசித்த தலைப்பு. கல்லூரியில் அதற்குக் கருவி கிடையாது. திங்கட்கிழமைக்குள் ஒழுங்கான கிராஃப் வராவிட்டால் தலைப்பை விட்டுவிட்டு, குளத்தில் நத்தை எண்ணுகிற கோஷ்டியில் சேர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டார் கைடு.

அக்கா அழவில்லை. சாப்பிடவும் இல்லை.

நண்டு கொண்டுவந்தது முத்தாண்டிக்குப்பம் மாமா. டிவிஎஸ்ஸில் வாளியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

“இன்னாடா, நண்டுக்கு ஜுரம் பாக்கப் போறீங்களாமே? இத்த புடிச்சிக்கினு வர்றதுக்குள்ள என் வெரல கவ்விடுச்சி. சாறு வெச்சிக் குடிச்சமா, தூங்குனமான்னு இல்லாம...”

“மாமா, இது சமைக்கிறதுக்கு இல்ல.”

“அதான் பாவமா இருக்கு.”

கருவியை நான் செய்தேன். பெரிய விஷயமில்லை. நண்டின் இதயம் முதுகு ஓட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. ஓட்டின் மேல் ஒரு இன்ஃப்ராரெட் சென்சாரை ஒட்டினால், கண்ணுக்குத் தெரியாத ஒளி உள்ளே போய்த் திரும்பும். இதயம் துடிக்கும்போது திரும்பி வருகிற ஒளி கூடிக் குறையும். அதை லேப்டாப் திரையில் அலையாகப் பார்க்கலாம். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த அதே லேப்டாப்தான்.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ஆரம்பித்தோம். ஃப்ரிட்ஜ் ஐஸைப் போட்ட தண்ணீரில் இதயம் நிதானமாகத் துடித்தது, நைட் ஷிஃப்ட் முடித்தவர் சைக்கிள் மிதிக்கிற மாதிரி. வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கக் கலக்க வேகம் கூடியது. அக்கா முகத்தில் வெளிச்சம்.

திடீரென்று அலை படுத்துவிட்டது. நேர்க்கோடு.

“சென்சார் லூஸ்” என்று பிடுங்கி மறுபடி ஒட்டிவிட்டு விலகினேன். துடித்தது. குனிந்து பார்த்தேன். நேர்க்கோடு. வயரை மாற்றினேன், சர்க்யூட் போர்டை மாற்றினேன். கொஞ்ச நேரம் ஓடும், பிறகு நிற்கும். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“நண்டு போச்சு. வேற எடு.”

“சாகலடா. இரு.”

“இன்னும் எவ்ளோ நேரம்தான் காத்திருக்கறது? பேசாம நத்தையே எண்ணு போ.”

அந்த நேரத்தில்தான் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடித்து அப்பா மைன்ஸிலிருந்து வந்தார். காதுமடல் வரை கரி. தோளில் துண்டு. குளியலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

“நண்டு இருக்குப்பா, குளிக்க முடியாது” என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். “என்னடா... ட்ரிப் ஆயிடுச்சா?”

மெஷின் நின்றால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் ட்ரிப்தான். சலித்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார். அலை எழுந்தது.

அக்கா நிமிர்ந்தாள். “அப்பா, திரும்ப வாங்க.”

“எதுக்கும்மா?”

“வாங்களேன்.”

வந்தார். நேர்க்கோடு.

“இப்ப போங்க.”

போனார். துடிப்பு.

“வாங்கப்பா!”

“ஏம்மா, எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்திருக்கேன், பரேடு எடுக்கிறியா?” அதற்குள் அம்மா காலையில் பூசைக்குக் கட்டிய சேலையோடு எட்டிப் பார்த்து, சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சென்சாரில் பழுது இல்லை. மேலே நிழல் விழுந்தால் நண்டு பயத்தில் இதயத்தை நிறுத்திக்கொள்கிறது. ஆபத்து போனதும் மறுபடி ஓட்டுகிறது. காலையிலிருந்து ஒவ்வொரு முறையும் பழுது பார்க்கக் குனிந்தவன் நான். மின்சாரம் நின்றால் மோட்டார் நிற்கும் என்று படித்தவனுக்கு, பயந்தால் மோட்டார் நிற்கும் என்பது எந்தப் பாடத்திலும் வரவில்லை.

டப்பை அட்டைப்பெட்டியால் மூடினோம். மெடிக்கல் ஷாப்பில் டிரிப்ஸ் டியூப் வாங்கி வந்து, உயரத்தில் வைத்த வாளியிலிருந்து வெந்நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும்படி செய்தேன். கதவைச் சாத்தினோம். வயர் மட்டும் கதவிடுக்கில் வெளியே.

நடைவழியில் நான்கு பேரும் தரையில் உட்கார்ந்தோம். அப்பா கரியோடேயே. யாரும் பேசவில்லை. கோடு நிற்காமல் ஓடியது... சூடு ஏற ஏற வேகம் ஏறியது. ஒரு கட்டத்தில் அலைகள் உயரம் குறைந்து, தாறுமாறாகி, விட்டுவிட்டு வந்தன. இந்தத் தடவை நிழல் இல்லை, சூடு. வெந்நீரில் ஆக்சிஜன் குறைவு. இதயம் ஓடி ஓடித் திணறுகிறது என்றாள் அக்கா. எழுந்து போய் டியூபை மூடினாள்.

“இன்னும் கொஞ்சம் ஏத்துக்கா, எங்க நிக்குதுன்னு பாத்துரலாம்.”

“தலைப்பு, இதயம் எப்படி வேலை செய்யுதுன்னுதான்டா. எப்ப நிக்கும்னு இல்ல.”

குளிர்ந்த தண்ணீர் விட்டாள். அலை மெதுவாகச் சீரானது. அப்போதுதான் அப்பா, “சரி, இப்பவாவது குளிக்கலாமா?” என்றார்.

திங்கட்கிழமை கைடு கிராஃபைப் பார்த்தார். தலைப்பு அக்காவிடமே நின்றது. நிழல் பற்றித் தனியாக ஒரு பக்கம் எழுதச் சொன்னாராம்.

இப்போது அக்கா வேறு ஊரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். போன மாதம் போய்ப் பார்த்தேன். பட்டன் அமுக்கினால் சொன்ன சூட்டில் நிற்கிற தொட்டி. பூட்டிய அறை. அதுவாகப் பதிவு செய்கிறது, ஆளே வேண்டாம். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அப்பா ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுத்தாகிவிட்டது. நானும் இன்னொரு கம்பெனியில் ஷிஃப்ட்தான். எங்கள் வீட்டில் ஒருவர் வரும்போது ஒருவர் கிளம்புவது, ஒருவர் சாப்பிடும்போது ஒருவர் தூங்குவது என்றுதான் எப்போதும் நடந்திருக்கிறது. நான்கு பேரும் வேறு வேலை இல்லாமல், வாயைத் திறக்காமல், ஒன்றாகத் தரையில் உட்கார்ந்திருந்தது அந்த ஒரு மத்தியானம்தான்.

அதுவும் ஒரு நண்டு பயப்படக்கூடாதே என்று.